மீன் தொட்டி அடுக்கில் மிளகாய் நாற்று: கொளத்தூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடசென்னையின் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஒரு வீட்டில், 2023 அக்டோபரில் தொடங்கி ஓராண்டுக்கும் மேலாக நடந்த மிளகாய் வளர்ப்பை, அந்த வீட்டாரின் சம்மதத்தோடு, பெயரும் தெருவும் சொல்லாமல் இங்கே பதிவு செய்கிறேன். மாடித்தோட்டப் பழக்கம் உள்ளவள் என்பதால், விதைத்து மூன்று வாரம் கழித்து என்னை அழைத்தார்கள். அதற்கு முந்தைய விவரங்கள், விதைத்தவரான அந்த வீட்டுப் பெண்மணி காலண்டர் தாள்களில் குறித்து வைத்திருந்தவை. பிந்தையவை நானும் அவரும் சேர்ந்து எழுதிய நோட்டில் உள்ளவை.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கணவரும் அவரும் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டின் முன்பகுதி முழுவதும் இரும்பு அடுக்குகள். அவற்றில் ஃபைட்டர், கப்பி, மோலி வளரும் கண்ணாடித் தொட்டிகள். இரு பக்கமும் மாடி வீடுகள் நெருங்கி நிற்பதால் வெயில் உள்ளே வருவதே இல்லை. மொட்டை மாடி வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்க வருபவர்கள் ஒரு தொட்டிச் செடியையும் வாங்கிப் போகக்கூடும் என்பது அவருடைய எண்ணம். மழைக்காலத்தில் மீன் விற்பனை குறையும்போது கைச்செலவுக்கு அது உதவும் என்றும் கணக்கிட்டிருந்தார். அதற்கு முன் அவர் ஒரு துளசிச் செடியைக்கூட வளர்த்ததில்லை.

கையில் இருந்தவை மூன்று வகை விதைகள். சமையலறை வற்றலை உடைத்து எடுத்த சம்பா மிளகாய் விதை. நாகர்கோவில் உறவினர் கொடுத்த காந்தாரி விதை. குவாஹாட்டியில் வேலை பார்க்கும் தம்பி அனுப்பிய நாகா மிளகாய், அதாவது பூத் ஜோலோக்கியா விதை. பத்து லட்சம் ஸ்கோவில் அலகைத் தாண்டிய காரத்துக்காக 2007-இல் கின்னஸ் பதிவில் ஏறிய மிளகாய் இந்த மூன்றாவது வகைதான். மூன்றையும் பொதுவாக மிளகாய் என்று அழைத்தாலும், தாவரவியல்படி சம்பா ஆன்னுவம் இனம், காந்தாரி புரூட்டசென்ஸ் இனம், நாகா சைனென்ஸ் இனத்தோடு சேர்த்து வைக்கப்படுவது. முளைக்கும் வேகத்தில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. அது தெரியாமல் மூன்றையும் ஒரே தட்டில் ஒரே நாளில் விதைத்ததிலிருந்து சிக்கல்கள் தொடங்கின.

விதைப்பும் முதல் மூன்று வாரங்களும்

அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை, 50 குழிகள் கொண்ட குழித்தட்டில் சம்பா 16, காந்தாரி 16, நாகா 18 எனக் குழிக்கு ஒரு விதை இடப்பட்டது. கடையில் வாங்கிய தேங்காய் நார்த்தூள் கட்டியை நீரில் ஊறவைத்து, அலசாமல் அப்படியே நிரப்பியிருந்தார். தட்டை அடுக்கின் காலியாக இருந்த கீழ்த்தட்டில் வைத்தார். மேலே இரண்டரை அடி உயரத்தில் 20 வாட் எல்இடி டியூப் ஒன்று மீன்களுக்காக ஏற்கெனவே நாளுக்குப் பத்து மணி நேரம் எரிந்துகொண்டிருந்தது.

முளைப்புக்கு வெப்பம் குறைவாக இல்லை. மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி போதும். அந்த அறையில் அக்டோபரிலும் 29 டிகிரி இருந்தது. குளிர்நாடுகளில் தட்டுக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்புக்குச் சென்னையில் வேலையே இல்லை. சம்பா எட்டாம் நாள் தலை காட்டி, மொத்தம் 13 முளைத்தது. காந்தாரி பதினைந்தாம் நாளுக்குப் பிறகு 7. நாகா 21-ஆம் நாள் தொடங்கி 30-ஆம் நாள் வரை ஒவ்வொன்றாக வந்து 5. ஆக 50 விதைக்கு 25 நாற்று.

நாகா முளைக்கும் வரை ஈரம் காயக்கூடாது என்று, ஏற்கெனவே முளைத்துவிட்ட சம்பாவுக்கும் சேர்த்துத் தினமும் இருவேளை தண்ணீர் ஊற்றினார். அடித்தட்டில் எந்நேரமும் ஒரு விரற்கடை நீர் தேங்கி நின்றது.

முதல் பார்வையில் கண்டவை

தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 13 அன்று சென்றேன். சம்பா நாற்றுகள் ஒவ்வொன்றும் என் சுட்டுவிரலைவிட நீளமாக, நூல்போல மெலிந்து, இரண்டு வித்திலைகளை மட்டும் தூக்கிக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஐந்து சம்பாவும் ஒரு காந்தாரியும் கழுத்துப் பகுதியில் பழுப்பாகக் கனிந்து மடிந்து கிடந்தன. ஒன்றை மெல்லத் தூக்கியபோது, மண்மட்டத்தில் தண்டு வெந்த கீரைத்தண்டுபோல் கையோடு வந்துவிட்டது. இலை மட்டும் இன்னும் பச்சையாகவே இருந்தது. இது நாற்றழுகல் நோய். பித்தியம் போன்ற பூஞ்சணங்கள், ஈரம் வடியாமலும் காற்று நகராமலும் உள்ள இடத்தில் இளநாற்றைத் தாக்குவதால் வருவது.

வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகில் காட்டும் கைப்பேசிச் செயலியை வைத்து இலைமட்டத்தில் அளந்ததில் ஏறத்தாழ 900 லக்ஸ் காட்டியது. இந்தச் செயலிகள் துல்லியமானவை அல்ல. ஆனால் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிடப் போதும். திறந்தவெளியில் நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வரும். வெள்ளை விளக்கில் மிளகாய் நாற்று குட்டையாக, தடித்து வளரக் குறைந்தது 7,000 முதல் 10,000 லக்ஸாவது வேண்டும். நம் கண்ணுக்கு அந்த அடுக்கு பளிச்சென்றுதான் தெரிந்தது. விளக்கொளியில் செடி வளர்க்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் கண்ணே தவறாக வழிகாட்டும் என்பதை அன்று அவருக்கு எண்களால் காட்ட முடிந்தது.

முதல் முடிவுகளும் காரணங்களும்

தட்டைக் கவிழ்த்த மீன் டப்பாக்களின் மேல் ஏற்றி, விளக்குக்கும் இலைக்கும் இடைவெளியை 15 சென்டிமீட்டராகக் குறைத்தோம். அளவு சுமார் 5,500 லக்ஸ் ஆயிற்று. பக்கத்தில் இன்னொரு டியூபைப் பொருத்தி, இருபுறமும் மீன் பெட்டி தெர்மாகோலை நிறுத்தியதும் 10,000 லக்ஸைத் தொட்டது. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் எரியும்படி டைமர் வைத்தார். இரண்டு விளக்கும் சேர்ந்து நாளுக்கு 0.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். மின்கட்டணம் எகிறும் என்று கணவருக்கு இருந்த தயக்கம் இந்தக் கணக்கைப் பார்த்ததும் நீங்கியது.

நாற்றழுகலுக்குச் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா கலந்த கரைசலை ஊற்றுவது வழக்கம். இந்த வீட்டில் வேண்டாம் என்றேன். அந்த வகை நுண்ணுயிரிகள், நலிந்த மீன்களுக்கு வால், துடுப்பு அழுகலை உண்டாக்குவதும் உண்டு. செடிக்கு ஊற்றிய நீர் சொட்டும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மீன் தொட்டி இருக்கும்போது அந்தத் துணிச்சல் தேவையில்லை. அதற்குப் பதில் அடித்தட்டு நீரைக் கொட்டி, மேல்பரப்பு வெளிறும் வரை தண்ணீர் விடாமல், ஒரு சிறு மேசை விசிறியை மெதுவாக ஓடவிட்டோம். முளைக்காத நாகாக் குழிகளை மட்டும் கத்தரித்துத் தனியே பிரித்து மூடி வைத்தோம். அதன்பின் ஒரு நாற்றுகூட அழுகலால் சாகவில்லை. 19 நாற்றுகள் மிஞ்சின.

இலை விளிம்பு கருகுதல்

நவம்பர் 25 வாக்கில் புதிய சிக்கல் தெரிந்தது. வித்திலைகளுக்குப் பிறகு வரும் முதல் உண்மையிலைகளின் நுனியும் விளிம்பும் காகிதத்தைத் தீயில் காட்டியதுபோல் பழுப்பாகக் கருகின. நடு இலை வெளிறியது. வளர்ச்சி நின்றேபோனது.

சத்துக்குறைவு என்பது அவருடைய முடிவு. மீன் தொட்டித் தண்ணீர் செடிக்கு நல்லது என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருந்ததால், அதுவரை நாள் விட்டு நாள் ஊற்றியதைத் தினமும் ஊற்றத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் எப்சம் உப்பு போடச் சொன்னார். உரக்கடையில் 19:19:19 என்ற கலப்பு உரம் கொடுத்தார்கள். இரண்டும் ஒவ்வொரு முறை இடப்பட்டன. இரண்டு நாற்றுகள், ஒரு காந்தாரியும் ஒரு நாகாவும், இந்த வாரத்தில் காய்ந்தன.

என் பங்குத் தவறையும் இங்கே எழுத வேண்டும். நவம்பர் 28 அன்று பார்த்துவிட்டு, விளக்கை நெருக்கியதால் இலை பொசுங்குகிறது என்று நினைத்து, இடைவெளியை 25 சென்டிமீட்டராக்கச் சொன்னேன். விளக்கை நெருக்கச் சொன்னது நான் என்பதால் சந்தேகம் அங்கேயே போயிற்று. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே இல்லை. டிசம்பர் 3 வரை எந்த மாற்றமும் இல்லை.

மிக்ஜாம் வாரம்

டிசம்பர் 4 அதிகாலை மிக்ஜாம் புயல் மழையில் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மின்சாரம் போனது; 6-ஆம் தேதி மாலைதான் வந்தது. வீட்டாரின் கவனம் முழுவதும் மீன்களின் மேல் இருந்தது. பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய்களை முறைவைத்து மாற்றிக்கொண்டே இரண்டு இரவு விழித்திருந்தார்கள். நான் தொலைபேசியில் ஒன்றே ஒன்று சொன்னேன்: இருட்டில் செடிக்குத் தாகம் குறைவு, ஆகையால் வெளிச்சம் வரும் வரை தண்ணீர் விட வேண்டாம், தட்டை வாசல் படிக்கு மேல் ஜன்னலோரம் வைத்துவிடுங்கள் என்று.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் வெள்ளத்தில் மூழ்கிக் கெட்டுப்போனதால் டிசம்பர் 12 வரை குழாயில் நீர் ஏறவில்லை. மாடிக் குழாயிலிருந்து வடிந்த மழைநீரை டிரம்களில் பிடித்து வைத்திருந்தார்கள். மீனுக்கும் அதுதான், செடிக்கும் அதுதான். மீன் தொட்டியிலிருந்து நீர் எடுப்பதே அந்த நாட்களில் நின்றுபோயிற்று.

டிசம்பர் 14 அன்று அவர் படம் அனுப்பினார். "அக்கா, நடுவுல வந்திருக்கிற புது இலை மட்டும் சுத்தமா இருக்கு, பாருங்க" என்று கீழே எழுதியிருந்தார். உண்மைதான். பழைய இலைகளின் கருகல் அப்படியே இருக்க, குருத்திலிருந்து வந்த இரண்டு இலைகள் விளிம்பு வரை பச்சையாக இருந்தன.

அளவீடும் ஒப்பீடும்

மறுநாள் சென்றபோது மீன்காரர் வீட்டில் எப்போதும் இருக்கும் டிடிஎஸ் மீட்டரை, அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவியை, எடுத்து வரச் சொன்னேன். மோட்டார் சரியாகி வந்த ஆழ்துளைக் கிணற்று நீர் 1,150 காட்டியது. டிரம்மில் இருந்த மழைநீர் 30. எந்தத் தொட்டியின் நீரைச் செடிக்கு ஊற்றினீர்கள் என்று கேட்டதும், கீழ்த்தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த மோலித் தொட்டியைக் காட்டினார். மீட்டர் 2,900 என்றது.

காரணத்தை அவரே சொன்னார். மோலி உப்பு நீரைத் தாங்கும், விரும்பவும் செய்யும் மீன். நோய் வராமலிருக்க அதன் தொட்டியில் கல் உப்பு போடுவது தொழிலில் வழக்கம். தினமும் கொஞ்சம் நீரை மாற்றுவதும் அந்தத் தொட்டியில்தான். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததும் அதுதான். மீன் கழிவில் தழைச்சத்து உண்டு என்பது சரி. அந்தத் தழைச்சத்தோடு கல் உப்பும் சேர்ந்து நாற்றின் வேருக்குப் போய்க்கொண்டிருந்தது. அலசாத நார்த்தூளில் முன்பே இருந்த உப்பு, எப்சம் உப்பு, உரம் ஆகியவை அதன்மேல் கூடின. ஒரு குழியில் மழைநீரை ஊற்றி அடியில் வடிந்ததைப் பிடித்து அளந்தோம். ஒரு வாரம் மழைநீரே ஊற்றிய பிறகும் 1,900 இருந்தது.

மிளகாய் உப்பை அதிகம் தாங்காத பயிர். மண்ணின் உப்புநிலை, அதை மின்கடத்துதிறனாக அளக்கும் அலகில், ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். நாற்றுப் பருவம் அதைவிட மென்மையானது. ஒரு கைப்பிடி நார்த்தூளுக்குள், வடிய வழியில்லாமல் சேரும் உப்பு வேர் உறிஞ்சும் நீரைத் தடுக்கிறது. அதனால் ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் காய்கிறது. விளிம்பு முதலில் கருகுவதும் அதனால்தான். அதைச் சத்துக்குறைவு என்று நினைத்து இடும் ஒவ்வொன்றும் உப்பையே கூட்டும். கொளத்தூர் வீட்டில் மூன்று வாரம் நடந்தது அதுதான்.

ஆயினும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. புயல் வாரத்தில் தண்ணீரும் மாறியது, விளக்கும் இரண்டரை நாள் அணைந்திருந்தது, அதற்கு முன் நான் விளக்கைத் தூக்கவும் சொல்லியிருந்தேன். இலை தேறியது எதனால் என்று ஊகிப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. எல்லாத் தட்டையும் மழைநீரால் மூன்று முறை நன்றாக வடியவிட்டு அலசினோம். விளக்கை மீண்டும் 15 சென்டிமீட்டருக்கே இறக்கினோம். எட்டுச் சம்பாவில் நான்குக்கு மழைநீர் மட்டும், நான்குக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டும். விளக்கும் விசிறியும் இரண்டு பிரிவுக்கும் ஒன்றே. காந்தாரி ஐந்தையும் நாகா நான்கையும் சோதனைக்கு உட்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. அது நியாயம்தான், அவற்றுக்கு மழைநீரே போயிற்று.

பதினான்கு நாளில், டிசம்பர் 29 அன்று, மழைநீர்ச் செடிகள் நான்கிலும் நான்கைந்து புது இலைகள் கறையின்றி வந்திருந்தன. கிணற்று நீர்ச் செடிகளில் இரண்டு இரண்டு இலைகள்தாம். அவற்றில் இரண்டு செடிகளின் இலை நுனி மீண்டும் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. நெருக்கமான விளக்கு எந்தச் செடியையும் பொசுக்கவில்லை. எட்டுச் செடி மிகச் சிறிய எண்ணிக்கைதான். என்றாலும் அந்த வீட்டில் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க அது போதுமாக இருந்தது.

தொட்டிக்கு மாறியதும் மாடிக்கு ஏறியதும்

வழக்கமாக 40 முதல் 45 நாள் நாற்றை நடுவார்கள். இங்கே சம்பா முளைத்து 62-ஆம் நாளான டிசம்பர் 31 அன்றுதான் 17 நாற்றும் தொட்டிக்குப் போயின. செம்மண், அலசிய நார்த்தூள், மண்புழு உரம் ஆகியவை சம அளவு. மழைநீர் தீர்ந்தபின் மெட்ரோ வாட்டர், அதாவது மாநகரக் குடிநீர், பிடித்து ஊற்றினார். அதன் டிடிஎஸ் 400-ஐச் சுற்றியே இருந்தது. மீன் நீர் வேண்டுமென்றால் உப்பு போடாத ஃபைட்டர் டப்பாக்களிலிருந்து, அதுவும் மெட்ரோ நீரில் பாதிக்குப் பாதி கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டும்.

ஜனவரி நடுவில் நாகாவின் குருத்திலைகள் கவிழ்த்த படகுபோல் கீழ்நோக்கிச் சுருண்டன. மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்பது தோட்டக்காரர்களின் அடையாளம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து உறுதி செய்தோம். வேப்பெண்ணெய்க் கரைசல் மீன்களுக்கு ஆகாது. அதனால் செடிகளைத் தெருவுக்குத் தூக்கிச் சென்று தெளித்து, முழுதும் காய்ந்த பின்னரே உள்ளே கொண்டுவந்தார். இரண்டு நாகா பிழைக்கவில்லை.

செடிகளைப் பார்த்த வீட்டு உரிமையாளர் ஜனவரி இறுதியில் மாடியின் ஒரு மூலையைக் கொடுத்தார். முதல் நாள் ஒரு மணி நேரக் காலை வெயில், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டி பத்து நாளில் பழக்குவது என்பது திட்டம். மூன்றாம் நாள் மீன் சப்ளைக்குப் போனவர் திரும்பத் தாமதமானதால் இரண்டு சம்பாவின் இலைகள் வெள்ளைத் திட்டாக வெந்துவிட்டன. புது இலை விட்டு மீண்டன.

விளைவு

சம்பாவின் முதல் பழம் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சிவந்தது. காந்தாரி மே மாதத்தில் காய்த்தது. நாகா மே மாத வெக்கையில் பூத்த பூவையெல்லாம் உதிர்த்தது. இரவிலும் புழுக்கம் இறங்காத அந்த நாட்களில் மகரந்தம் பயன்படாமல் போவது மிளகாயில் இயல்பு. ஆகஸ்ட் மழைக்குப் பிறகு பிடித்த காய்களில் ஏழு செப்டம்பர் இறுதியில் பழுத்தன.

ஐந்து சம்பா தலா 60 ரூபாய்க்கும், மூன்று காந்தாரி தலா 80 ரூபாய்க்கும் விற்றன, வரவு 540. டியூப், தட்டு, நார்த்தூள், பை, மண் என்று செலவு 850. முதல் ஆண்டில் 310 ரூபாய் கைநட்டம்.

மாற்றிச் செய்தவை

இரண்டாம் முறை விதைக்கும் முன், ஊற்றப்போகும் ஒவ்வொரு நீரையும் அளந்துவிட்டுத்தான் தொடங்கினார். நார்த்தூளை வடிநீர் 300-க்குக் கீழ் இறங்கும் வரை அலசினார். அதற்கு நான்கு முறை நீர் மாற்ற வேண்டியிருந்தது. நாகாவைத் தனித்தட்டில் ஆகஸ்ட் 18 அன்றும், மற்ற இரண்டையும் வேறு தட்டுகளில் செப்டம்பர் 8 அன்றும் விதைத்தார். முதல் முளை தெரிந்த அன்றே விளக்கு 15 சென்டிமீட்டருக்கு இறங்கியது. இலையில் எந்த மாற்றம் தெரிந்தாலும் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்வது, அதை நோட்டில் தேதியோடு எழுதுவது என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

என் தரப்பில் மாறியது ஒன்று. யார் வீட்டுக்குச் செடி பார்க்கப் போனாலும் இலையைத் தொடும் முன், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டு, அந்தக் குவளையைப் பார்த்துவிடுகிறேன். கடலோரமாகத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் நிலத்தடி நீர் உவர்ப்பான வீடுகளில் மீன் தொட்டி இல்லாமலேயே இதே கருகலைப் பிறகு இரண்டு இடத்தில் பார்த்தேன்.

இரண்டாம் முறை விதைத்த 50 விதைகளில் 38 முளைத்து, 36 தொட்டி வரை வந்தன. அக்டோபர் இறுதியில் நான் போனபோது, செடிக்கான வாளிகளில் சாக்பீஸால் எண் எழுதியிருந்தார்: ஒன்றில் 40, ஒன்றில் 390. மோலித் தொட்டியின் கண்ணாடியில் பெரிதாக 2,900 என்றும், அதன் கீழே "செடிக்கு இல்லை" என்றும் எழுதியிருந்தது.